ரின்ஸ்கேயின் முதுகுக்குப் பின்னால்

ரின்ஸ்கே போஸ்த்மா ஐஸ் சறுக்கு ஓட்டத்தில் மூன்று தடவை நாட்டின் சாம்பியன் ஆனவள். அவள் வீட்டுக்கு எதிரே ஓடுகிற கால்வாய் உறைந்துவிட்டால் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவாள். எங்கள் டியெர்சும் ஊரில் பகலில் திரை போட்ட வீடு என்றால் உள்ளே சாவு, இல்லாவிட்டால் சண்டை என்று அர்த்தம். ரின்ஸ்கே வீட்டில் இரண்டும் இல்லை. அவளுக்கு அந்த ஐஸைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

ஊருக்கு இது தெரியாது. ஊர் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டது. ஊரே கால்வாயில் இறங்கி, வாத்துகளைத் துரத்திக்கொண்டு சறுக்கும்போது, பதக்கம் வாங்கினவள் மட்டும் கரையில் கம்பளிக் கோட்டோடு நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்? ரொட்டிக்கடை சிப்கே பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். வாய் சும்மா இருக்காது.

"என்ன சாம்பியன், எங்க கால்வாயெல்லாம் உன் காலுக்குப் பத்தாதோ?"

"நேத்துதான் ஸ்கேட் பிளேடு தீட்டினேன் சிப்கே. உங்க கால்வாயில மணலும் குப்பையும். ஒரு தடவை இறங்கினாப் போச்சு."

"அதானே. எங்க குப்பையில எங்க காலுதான் ஓடணும்."

அவளும் சிரிப்பாள். ஒரு வருஷம் பிளேடு, அடுத்த வருஷம் சளி, அதற்கடுத்த வருஷம் பயிற்சியாளர் திட்டுவார் என்று ஒரு சாக்கு. சாக்குக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

இதெல்லாம் ஆரம்பித்தது அறுபத்து மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில். அப்போது அவள் சின்னப் பெண். அப்பா கோசே பால்மாடு வளர்க்கிறவர். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. ஏரிக்கு அக்கரையில் ஓல்டவேர் ஊரில் அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சர்க்கரை ரொட்டி கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். ரொட்டியைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கோசே ஏரியில் இறங்கினார்.

இரண்டு பேர் சேர்ந்து போனால் நீளமான கழி ஒன்றை அக்குளில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். பலசாலி முன்னால் போய்க் காற்றைக் கிழிக்க வேண்டும், மற்றவர் பின்னால். அன்றைக்குக் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்ததால் கோசே மகளை முன்னால் விட்டார். அவள் கால் வீசுகிற அழகைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"அப்பா, ஐஸ் சத்தம் போடுது."

"போடட்டும். சத்தம் போடற ஐஸ் நல்ல ஐஸ். பேசாம இருக்கிறதைத்தான் நம்பக் கூடாது."

"பேசாம இருந்தா என்ன பண்ணணும்?"

"நிக்கக் கூடாது. குனிஞ்சுக்கிட்டு, நேரா, வேகமாப் போய்க்கிட்டே இருக்கணும். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. புரிஞ்சுதா?"

தாழ்வான வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து ஏரியில் தள்ளுகிற பம்ப்பு வீடு ஒன்று அக்கரைப் பக்கம் இருக்கிறது. அது தள்ளுகிற தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே மட்டும் ஐஸ் கெட்டிப்படாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்குப் பனித்தூள் கொட்டி ஏரி முழுக்க ஒரே வெள்ளையாகக் கிடந்தது. பேச்சு சுவாரசியத்தில் அவர்கள் பம்ப்பு வீட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

முதலில் சத்தம் நின்றது. காலுக்கடியில் அதுவரை முனகிக்கொண்டிருந்த ஐஸ் வாயை மூடிக்கொண்டது. பிறகு ரின்ஸ்கேயின் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், பழைய போர்வையைக் கிழிக்கிற மாதிரி. கழி சட்டென்று இலேசாகிவிட்டது.

"போ. நிக்காதே. போ."

அப்பாவின் குரல். அவள் போனாள். குனிந்து, நேராக, திரும்பிப் பார்க்காமல், அக்குளில் கழி தனியாகத் துள்ளிக்கொண்டு வர, நாணல் கரை வரைக்கும் போனாள். கரையில் விழுந்த பிறகுதான் திரும்பினாள். ஏரியில் அப்பா இல்லை. ஒரு தொப்பி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை, அதில் இரண்டு கைகள்.

கழி அவளிடம்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் நீட்டியிருக்கலாம். கால் நகரவில்லை. கத்தக்கூட வரவில்லை. பம்ப்பு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து கோசேயை இழுத்துப் போட்டார். குளிரில் இரண்டு கால்விரல்கள் போயின. ஆள் பிழைத்தார்.

பிழைத்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. அதை ஒரு ஜோக்காக ஆக்கிவிட்டார். மதுக்கடையில், கல்யாணத்தில், பிறந்தநாளில், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்த ஜோக் வரும்.

"என்னைத் தண்ணியில போட்டுட்டு இவ ஓடின வேகத்தைப் பார்த்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவ சாம்பியன் ஆவான்னு. எனக்கு விரல் போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சர்க்கரை ரொட்டி போச்சே, அதுதான்பா வயித்தெரிச்சல்."

எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். ரின்ஸ்கேயும் சிரிப்பாள். மேசைக்கு அடியில் அவள் இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும்.

ஐஸைக் கண்டு நடுங்குகிறவள் ஐஸில் எப்படிச் சாம்பியன் ஆனாள் என்று கேட்கலாம். சில வருஷம் கழித்து ஹேரென்வேன் நகரத்தில் செயற்கையாக உறைய வைக்கிற சறுக்கு மைதானம் திறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் விழுந்தடித்து இறங்க, ரின்ஸ்கே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

"இதுக்குக் கீழே என்ன இருக்கு?"

"குழாய்."

"அதுக்குக் கீழே?"

"சிமெண்ட்."

"அதுக்கும் கீழே?"

"மண்ணுதான். உனக்கு என்னம்மா வேணும்?"

அவளுக்கு வேண்டியது அதுதான். இறங்கினாள். கீழே மண் இருக்கிற ஐஸ் அவளை ஒன்றும் செய்யாது. வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு நாலு நாள், பிறகு அங்கேயே கிடை என்று ஆனது.

டெர்லோ என்ற பயிற்சியாளர் அவளைப் பார்த்துவிட்டு முதலில் உதட்டைப் பிதுக்கினார். புறப்படும்போது மந்தம், நடுச் சுற்றுகளில் சுமார். ஆனால் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் அந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிறது. மற்றவர்கள் தொடை எரிந்து, மூச்சு வாங்கி, தளர்கிற அந்த நேரத்தில் இவள் மட்டும் குனிந்து, நேராக, பேய் துரத்துகிற மாதிரிப் போகிறாள். டெர்லோவுக்குப் பிடிபடவே இல்லை. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார், பயிற்சியை மாற்றிப் பார்த்தார். காரணம் சாப்பாட்டில் இருந்தால்தானே கிடைக்கும்.

மணி அடித்தால் ரின்ஸ்கேக்கு முதுகு சில்லிட்டுப்போகும். காலுக்கடியில் சத்தம் நின்றுவிடும். பின்னால் போர்வை கிழியும். அவ்வளவுதான், அவள் இருபது வயசுப் பெண் இல்லை, நாணல் கரைக்கு ஓடுகிற குழந்தை. முடிவுக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் நிற்பாள். நின்று திரும்பிப் பார்ப்பாள். ஜனம் கைதட்டிக்கொண்டிருக்கும். அப்பா அங்கே கூட்டத்தில் தொப்பியோடு இருக்கிறாரா என்று அவள் கண் முதலில் தேடும். அவரைக் கண்ட பிறகுதான் கடிகாரப் பலகையைப் பார்ப்பாள்.

பேட்டி எடுக்க வந்தவன் ஒருவன் கேட்டான், கடைசிச் சுற்றில் எதை நினைத்துக்கொள்வீர்கள் என்று. "வீட்டை" என்றாள். அடடா, என்ன எளிமை என்று நாடே அவளைக் கொண்டாடியது.

ஒரே ஒரு தடவை அந்தப் பயம் வராமல் போனது. வெளிநாட்டில் பெரிய போட்டி. அவள் முன்னணியில் இருந்தாள். கூட்டம் போட்ட கூச்சலில் மணி காதில் விழவே இல்லை. முதுகு சில்லிடவில்லை, போர்வை கிழியவில்லை, நிம்மதியாக ஓடினாள், நிம்மதியாகத் தோற்றாள். நாலாவது இடம். அன்றைக்கு அறையில் உட்கார்ந்து அழுதாள். தோற்றதற்கு என்று டெர்லோ நினைத்தார். அந்தப் பயம்தான் தனக்குச் சோறு போடுகிறது, அது போய்விட்டால் தானும் போய்விடுவோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பயத்துக்குப் பயப்பட்டது போதாதென்று, அது வராமல் போய்விடுமோ என்றும் பயப்பட ஆரம்பித்தாள். இப்படி ஒரு பிழைப்பை எத்தனை நாள் ஓட்ட முடியும்? முப்பது வயது ஆவதற்குள் ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டாள்.

பால் லாரி ஓட்டுகிற ஹார்மனைக் கட்டிக்கொண்டாள். ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலை. எங்கள் நாட்டில் குழந்தைகள் உடுப்பு, காலணி எல்லாம் போட்டுக்கொண்டு நீந்திக் காட்டினால்தான் சான்றிதழ். தண்ணீருக்கடியில் தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலுள்ள ஓட்டை வழியாக வெளியே வரவேண்டும். மற்ற ஊர்களில் ஒரு தடவை வந்தால் போதும். ரின்ஸ்கேயிடம் படித்த பிள்ளைகள் அந்த ஓட்டை வழியாக வந்து வந்து சலித்துப்போவார்கள்.

"இன்னொரு தடவை" என்பாள்.

"டீச்சர், கண்ணை மூடிக்கிட்டே வருவேன்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை."

எண்பத்தைந்தாம் வருஷம் ஜனவரியில் ஏரி முழுவதும் உறைந்தது. பல வருஷமாக அப்படி உறையவில்லை. ஊரில் சறுக்குப் பந்தயம் நடத்துகிற ஐஸ் சங்கத்துக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சிப்கேதான் சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஏரியைக் கடந்து ஓல்டவேர் வரை போய்வருவது என்று அறிவித்துவிட்டான். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம், பண்டிகை முடிந்து வீட்டுக்கு வெளியே கிடந்த கிறிஸ்துமஸ் மரங்களைக் கொண்டுபோய் நட்டான். மரத்தைக் கண்டால் விலகிப் போ என்பது ஏரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கோசே மகள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தார். கையில் கழி. அதே கழி. மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் இத்தனை வருஷம் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை ஏரியைக் கடக்கிறோம்" என்றார்.

"யாரு?"

"நானும் நீயும். உன் அத்தைகிட்டச் சொல்லியாச்சு. சூப் வைக்கிறாளாம்."

"அப்பா, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு."

"தெரியும். அதுக்குத்தான் இந்த வருஷமே போகணும்ங்கிறேன்."

"கார்ல போலாம்ப்பா. ஹார்மன் கூட்டிட்டுப் போவாரு."

"கார்ல போறதுக்கு நீ எதுக்கு? சரி, வரலேன்னா விடு. நான் தனியாப் போய்க்கிறேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். அதில் ஹார்மனுக்கும் சந்தேகமில்லை. "நீ போகலேன்னா அவர் போவாரு. நீ போனா, கூட நீயாவது இருப்பே" என்றான். நல்ல புருஷன்தான், ஆனால் அந்த யோசனை ரின்ஸ்கேக்கு உதவவில்லை. இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சறுக்குகிற நினைப்பு வந்தாலே முதுகு சில்லிட்டது. தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போது தொப்பி மட்டும் கிடக்குமே, அதுதான்.

சனிக்கிழமை அக்கரையில் ஒரு காரியம் நடந்தது. பண்டிகை முடிந்த மரங்களையெல்லாம் குவித்துக் கொளுத்துவது ஓல்டவேர் இளவட்டங்களின் வழக்கம். யார் குவியல் உயரம் என்று ஊருக்கு ஊர் போட்டி. அடுத்த ஊர் மரத்தைத் திருடிக்கொண்டு வருவதில் அவர்களுக்குத் தனிப் பெருமை. ஏரியில் பார்த்தால், கேட்பார் இல்லாமல் டியெர்சும் ஊர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. விடுவார்களா? பம்ப்பு வீட்டுப் பக்கம் இருந்தவற்றைப் பிடுங்கி, பாடிக்கொண்டே இழுத்துப் போனார்கள். மரம் எதற்கு நட்டது என்று யோசிக்க அந்தக் கும்பலில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தீ நன்றாக எரிந்ததாம். விடிவதற்குள் ஓட்டைகளின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு படர்ந்தது, அதன் மேல் பனித்தூள் விழுந்து எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டது. ரின்ஸ்கேக்கு இது தெரியாது. சிப்கேக்கும் தெரியாது.

காலையில் ஏரிக்கரையில் அவள் சிப்கேயைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தாள்.

"பம்ப்பு வீட்டுப் பக்கம் மரம் நட்டிருக்கியா?"

"நட்டிருக்கேன்."

"நீயே நட்டியா, ஆள விட்டு நட்டியா?"

"நானே. ரின்ஸ்கே, மரம் இருக்கிற இடத்துக்குப் போகாதே. மரம் இல்லாத இடமெல்லாம் தார் ரோடு. பதக்கம் வாங்கினவளுக்கு நான் சொல்லணுமா?"

பலசாலி முன்னால் என்பதால் அவளை முன்னால் விட்டு, கோசே பின்னால் கழியை இடுக்கிக்கொண்டார். சிப்கேயும் இன்னும் சில பேரும் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள். சாம்பியன் ஏரியில் இறங்குகிறாள் என்று ஊரே கரையில் நின்று பார்த்தது. அவள் ஸ்கேட் வாரை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

ஐஸ் பாடியது. தூரத்தில் எங்கேயோ ஆரம்பித்து, காலுக்கடியில் உருண்டு, அக்கரைக்குப் போய் முடிகிற சத்தம். ஒவ்வொரு தடவையும் அவள் தோள் தூக்கிப் போட்டது.

"நல்ல ஐஸ்" என்றார் கோசே பின்னாலிருந்து. "கேட்டியா? நல்ல ஐஸ்."

"அப்பா, இருக்கீங்களா?"

"கழி உன் கையிலதானே இருக்கு. இன்னொரு முனையில நான் இல்லாம உங்க ஆத்தாளா இருக்கா?"

கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். இருக்கீங்களா, இருக்கீங்களா என்று. திரும்பிப் பார்க்க மட்டும் அவள் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வழியில் கூடாரம் போட்டுச் சோம்பு போட்ட சூடான பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். கோசே ஒரு கோப்பையை ஊதிக் குடித்துவிட்டு, அங்கே நின்றவர்களிடம் தன் ஜோக்கை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ரின்ஸ்கே கோப்பையை வாய் வைக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

அங்கிருந்து கிளம்பிச் சிறிது தூரம் போனதும் பம்ப்பு வீட்டின் கூரை தெரிந்தது. அவள் மரத்தைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. மரம் இல்லை என்றால் ரோடு. மனசு அப்படிச் சொன்னது. இரண்டு வீச்சு போயிருப்பாள். சத்தம் நின்றுவிட்டது.

இதே சமயத்தில்தான் அவள் ஆயுசு முழுக்க வேகம் எடுத்திருக்கிறாள். இப்போது என்னவோ, பிளேடை ஐஸில் குத்தி நின்றாள். பின்னால் வந்த அப்பா அவள் மேல் மோதிக்கொண்டார்.

"ஏன் நின்னே? நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சத்தம் இல்லப்பா. கேளுங்க."

"மரம் இல்லையே."

"இல்லதான். ஆனா சத்தமும் இல்ல. திரும்பிடலாம்ப்பா. உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன், திரும்பிடலாம்."

பின்னால் சிப்கேயின் கூட்டமும் வந்து நின்றது. "என்ன சாம்பியன், மணி அடிக்கக் காத்துக்கிட்டு இருக்கியா?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு கிளம்பியது. கோசே அந்தச் சிரிப்பைக் கேட்டார், மகளின் முகத்தையும் பார்த்தார். அவருக்கு அந்த முகத்தைப் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லடி. இரு, நான் போய்க் காட்டறேன்" என்று கழியை விட்டுவிட்டு, அவளைத் தாண்டி முன்னால் போனார்.

போர்வை கிழிந்தது. இந்தத் தடவை கண்ணெதிரே. இத்தனை வருஷம் காதால் மட்டும் கேட்டதை இப்போதுதான் பார்த்தாள். பெரிய மனுஷன் ஒருவர் பாதி வார்த்தையில் இடுப்பு வரை காணாமல் போனார், பிறகு தோள் வரை, பிறகு தொப்பி மட்டும். கறுப்புத் தண்ணீர் மேலே வந்து வெள்ளையில் பரவியது. பிறகு தலை தெரிந்தது.

"போ. கிட்ட வராதே. போ."

அதே குரல், அதே சொல். அவள் கால் கேட்டுக்கொண்டது. தானாகவே திரும்பி, குனிந்து, கரையைப் பார்த்து ஒரு வீச்சு போட்டும்விட்டது. அக்குளில் கழி துள்ளியது. இலேசான கழி. அந்த இலேசு அவளுக்குத் தாங்க முடியவில்லை. எதை மறந்தாலும் அந்தக் கனமில்லாத கழியை அவளால் மறக்க முடிந்ததில்லை. திரும்பினாள். ஐஸில் குப்புற விழுந்து, வயிற்றால் நகர்ந்து, கழியை முன்னால் தள்ளினாள்.

"பிடிங்க."

"போன்னு சொல்றேன்ல."

"பிடிங்கப்பா. நான் போகமாட்டேன். பிடிங்க."

அவளுக்கடியில் ஐஸ் வளைந்தது. தாடை வரை தண்ணீர் வந்தது. பயம் துளிகூடக் குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் மூக்கில் இறங்க, அவள் கழியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். யாரோ அவள் கணுக்காலைப் பிடித்தார்கள். சிப்கே. அவன் காலை இன்னொருவன். சிரித்தவர்கள் எல்லோரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கழி கனத்தது. இழுத்தார்கள். விளிம்பு உடைந்தது, மறுபடி இழுத்தார்கள், மறுபடி உடைந்தது. கடைசியில் கோசே நனைந்த மூட்டையாக மேலே வந்து சேர்ந்தார். சிப்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நட்டேன் ரின்ஸ்கே, என் கையாலேயே நட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பம்ப்பு வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அவரைப் போர்வைகளில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ரின்ஸ்கே தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீதி விரல்கள் பத்திரமாக இருந்தன. அவருக்கு உதடு இன்னும் நீலம் தெளியவில்லை. ஆனாலும் பேசினார்.

"உன் போட்டி எல்லாத்தையும் நான் பார்த்திருக்கேன். நேர்லயும் பார்த்திருக்கேன், டிவியிலயும் பார்த்திருக்கேன். மணி அடிச்சதும் உன் மூஞ்சி மாறும். ஊரே கத்தும், ஜெயிக்கப் போறா, ஜெயிக்கப் போறான்னு. எனக்குத் தெரியும், நீ ஜெயிக்க ஓடலே. இந்த ஏரியில ஓடறே."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "தெரிஞ்சுமா அந்த ஜோக்கைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா, ஒரு நாள் அது ஜோக்காவே ஆயிடும்னு நினைச்சேன்."

"ஆகலப்பா."

"ஆகல." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உன்னை அந்தப் பக்கம் ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயிட்டா முடிஞ்சுடும்னு பார்த்தேன். மாடு மேச்சவன் புத்தி. வேற வழி தெரியல."

"இனிமே அதைச் சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லல" என்றார். சொல்லவும் இல்லை. அந்த வாரம் ஓல்டவேர் இளவட்டங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய சர்க்கரை ரொட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு நாக்கு எப்படித் துறுதுறுத்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மகளைப் பார்த்தார். ரொட்டியை வாங்கி, பேசாமல் எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரியில் மறுபடி குளிர் இறங்கி ஏரி உறைந்தது. சிப்கே இந்தத் தடவை மரங்களில் சிவப்புத் துணி கட்டி நட்டு, அக்கரைக்குப் போய் அவனவன் வீட்டில் சொல்லிவிட்டும் வந்தான். கோசே ஏரிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு காலை ரின்ஸ்கேதான் கழியை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"அத்தை சூப் வச்சுக்கிட்டு இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"நீங்க எப்படியும் ஒரு நாள் தனியாப் போவீங்க. அது எனக்கு இதைவிடப் பயம்."

கரையில் அவர் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார். அவள் கழியைத் திருப்பிப் பிடித்தாள்.

"நீங்க முன்னாடி."

"பலசாலிதான் முன்னாடி போகணும். ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். எனக்கு உங்க முதுகு தெரியணும்."

கோசே அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முன்னால் வந்து கழியை இடுக்கிக்கொண்டார். கிளம்பினார்கள். கிழவர் ஆடி அசைந்து மாடு மாதிரிப் போனார், மூன்று தடவை சாம்பியன் ஆனவள் அவர் வேகத்துக்குப் பின்னால் போனாள். ஊரில் உள்ள அத்தனை பேரும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். குழந்தைகள்கூடத் தாண்டின. சிப்கே தாண்டும்போது, "சாம்பியன், பின்னாடி வாத்து வருது, வழி விடு" என்றான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழைய நீலக் கோட்டு, அதில் ஒட்டுப் போட்ட தோள், அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

பம்ப்பு வீட்டுக்கு எட்டத்தில், சிவப்புத் துணி கட்டிய மரங்களை நன்றாக விலகிப் போகும்போதும், ஓரிடத்தில் ஐஸ் கொஞ்சம் பேசாமல் இருந்தது. கோசே தலையை லேசாகச் சாய்த்தார்.

"நிக்கணுமா?"

அவளுக்கு முதுகு சில்லிட்டது. கழி இரண்டு கைக்கும் கனமாக இருந்தது.

"வேண்டாம்ப்பா, போங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."